முன்னாள் வண்டி

பிப்ரவரி 1, ஞாயிறு

காலை ஒன்பதரைக்கு வீடு வந்து சேர்ந்தோம். பத்து நாள், ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். கார் என்ன நிறம் என்று துடைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இடுப்பு என்னுடையது மாதிரியே இல்லை.

கீழ் வீட்டுத் தையல்காரர் எங்கள் பேப்பரையெல்லாம் தேதி வாரியாக அடுக்கிக் கட்டி வைத்திருந்தார். "பிரிச்சுக்கூடப் பாக்கலக்கா, உங்க குணம் தெரியும்" என்றார். ஒன்பது பேப்பர். பார்த்ததும் பசித்தவளுக்கு இலை போட்ட மாதிரி இருந்தது.

கிளம்பும்போது என் வீட்டுக்காரர் போட்ட ஒரே நிபந்தனை, ஒரு செய்தியும் பார்க்கக் கூடாது என்பதுதான். "இருபத்திரண்டு வருஷமா பேப்பர் ஆபீஸ்ல ஊர் எழுதறதெல்லாம் திருத்திட்டிருக்க. பத்து நாள் ஊர் தப்பும் தவறுமா இருக்கட்டும்." என் போனை வாங்கி அணைத்து, டூல்ஸ் பைக்குள் போட்டுவிட்டார். லிஃப்ட் மெக்கானிக்கின் டூல்ஸ் பைக்குள் போனது எதுவும் கேட்டவுடன் வெளியே வராது. அப்படியும் போகிற வழியில் மூன்று ஹோட்டல்களின் மெனு கார்டைத் திருத்திவிட்டேன். நாய் வாலை நிமிர்த்த முடியுமா?

பழைய பேப்பர் படிக்க எனக்கு ஒரு முறை உண்டு. பழசிலிருந்துதான் தொடங்குவேன். கடைசியைப் பார்த்துவிட்டுத் தொடக்கத்தைப் படித்தால் அது செய்தி இல்லை, வரலாறு. இவருடைய அக்கா, எங்களோடு பின் சீட்டில் இரண்டு சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தவர், "இன்னைக்குப் பேப்பர்ல எல்லாம் இருக்குமே, எதுக்கு மெனக்கெடற?" என்றார். அவருக்கு நாவலின் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற பழக்கம். பேசிப் பயனில்லை.

இன்று நான்கு நாள் பேப்பர் முடித்தேன். ஒரு மந்திரி 24-ம் தேதி ராஜினாமா செய்து, 25-ல் மறுத்து, 27-ல் திரும்பி வந்துவிட்டார். வால் நட்சத்திரம் ஒன்று வந்து போயிருக்கிறது. நான் இல்லாமலே எல்லாம் நடந்திருக்கிறது. பிழைகளும்தான் - நான்கு நாளில் பதினொன்று.

இதெல்லாம் நடந்தபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? பனி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்து மூன்று வயதில் முதல் தடவை. மழை என்றால் சத்தம் கேட்டு வெளியே எட்டிப் பார்ப்போம். இது சத்தமே போடாமல் ஒரு மலையை மூடிவிடுகிறது. செவ்வாய்க்கிழமை மலைப்பாதையில் நாலரை மணி நேரம் நின்றோம், முன்னாலும் பின்னாலும் கண்ணுக்கெட்டியவரை வண்டிகள். எல்லோரும் சலித்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் வாய் மூடவில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

இன்னும் ஒரு நாள் லீவு. காபியோடு 28-ம் தேதி பேப்பர். ஐந்தாம் பக்கம், கீழே, கட்டம் கட்டிய சின்னச் செய்தி. அதை அப்படியே எழுதி வைக்கிறேன்:

"மலைப்பாதையில் செவ்வாயன்று கடும் பனிப்பொழிவால் இருநூற்றுக்கும் மேற்பட்ட வாகனங்கள் நின்றன. மலைக்கு அப்பால் மருத்துவமனையில், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கால் உயிருக்குப் போராடிய பெண்ணுக்கு அரிய வகை ரத்தம் எடுத்துவந்த வேனும் வரிசையின் கடைசியில் சிக்கியது. இறங்கி நடக்க முயன்ற ஓட்டுநர் வழுக்கி விழுந்து கால் முறிந்ததால், ரத்தப் பெட்டியை முன்னால் நின்ற வாகனத்தில் கொடுத்தார். பெட்டி கைக்குக் கை மாறி, ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் மறுமுனையில் காத்திருந்த மருத்துவமனை ஊழியர்களை அடைந்தது. பெண்ணின் நிலை கவலைக்கிடமாக உள்ளது."

நீலப் பெட்டி.

அந்த நீலப் பெட்டி.

கடவுளே, அது என் மடியில இருந்துச்சு.

நிதானமாக எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

எங்களுக்குப் பின்னால் லாரி. குரங்குக் குல்லா போட்ட டிரைவர் என் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார். "முன்னாடி யாருக்கோ சாப்பாடாம்மா, அடுத்த வண்டிக்குக் குடுத்துடுங்க." கையில் ஒரு நீலப் பெட்டி. ரத்தம் என்று கிளம்பியது எங்கள் வண்டிக்கு வருவதற்குள் சாப்பாடு ஆகியிருக்கிறது. மேலே டேப் போட்டு ஒரு தாள் ஒட்டியிருந்தது. இரண்டு வரி. கீழ் வரி பனியில் நனைந்து மை ஊறி ஒன்றும் தெரியவில்லை. மேல் வரி மட்டும்: "முன்னாள் வண்டிக்கு கொடுக்கவும்."

முன்னாள் வண்டி!

முன்னாள் மந்திரி உண்டு, முன்னாள் கணவர் உண்டு. வண்டி எப்படி முன்னாள் ஆகும்? சிரித்துவிட்டேன். அக்காவிடம் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. 'முன்னால்' என்றால் எதிரே, 'முன்னாள்' என்றால் பழைய என்று விளக்கினேன், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. கைப்பையைக் கவிழ்த்துச் சிவப்புப் பேனாவைத் தேடினேன். குளிரில் மை இறங்கவில்லை. கக்கத்தில் வைத்துச் சூடாக்கினேன் - ஆமாம், கக்கத்தில் - பிறகு ளகரத்தை அடித்து லகரம் போட்டேன். 'வண்டிக்கு'வுக்குப் பக்கத்தில் ஒற்று இல்லை. ஒரு 'க்' சேர்த்தேன். அதற்குப் பிறகுதான் இறங்கிப் போய் முன்னால் நின்ற பால் வேனில் கொடுத்தேன்.

எவ்வளவு நேரம்? இவரைக் கேட்டேன். "நான் கண்ணை மூடிட்டிருந்தேன். மூணு நிமிஷம் இருக்குமா?" அக்காவைக் கேட்டேன். "கால் மணி நேரம் பாடம் நடத்தினியே." என் கணக்குக்குப் பத்து.

அங்க ஒருத்தி ரத்தம் வத்திக் கிடக்கிறா. நான் ஒற்றுப் போட்டுட்டு இருந்திருக்கேன்.

முறையாவது மண்ணாவது, மிச்சப் பேப்பரை எல்லாம் ஒரே நேரத்தில் பிரித்துப் போட்டேன். 29: முதல் பக்கத்தில் பெட்டியின் படம், வண்ணத்தில். என் 'க்' சிவப்பாக, தெளிவாக. "அடுத்த 48 மணி நேரத்துக்குப் பிறகே எதுவும் சொல்ல முடியும்" என்று டாக்டர். 30: ஒன்றுமில்லை. 31: ஒன்றுமில்லை. இன்றைய பேப்பர் வரை தேடிவிட்டேன், இரங்கல் விளம்பரங்கள் உட்பட. மறுபடியும் அந்த மந்திரிதான்.

இது நான் வேலை செய்கிற பேப்பர். இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி எத்தனை "கவலைக்கிடம்" என் கையால் போயிருக்கும். எழுத்துச் சரியா என்று பார்த்தேன். பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

இவர் போனை வாங்கி மருத்துவமனைக்குப் பேசினேன். நோயாளி விவரத்தைப் போனில் சொல்ல முடியாதாம். சொந்தமா என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

வேலைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன். பொய்.

பிப்ரவரி 4, புதன்

போனேன். செய்தி ஆசிரியர் நாற்காலியைத் திருப்பி, "வாங்க வாங்க, எத்தனை தடவை போன் பண்றது உங்களுக்கு?" என்றார்.

"எதுக்கு சார்?"

"படத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. பனிமலையில நின்னுக்கிட்டு வேற யாரு 'க்' போடுவா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்டேன். அவர் முகம் மாறி, "குருவியைக் கேளுங்க" என்றார்.

குருவி எங்கள் நிருபர். கீச்சுக் குரலால் வந்த பெயர். ஒரே நேரத்தில் இரண்டு போன் பேசுவாள். என்னைப் பார்த்ததும் இரண்டையும் வைத்தாள்.

"பொழைச்சிட்டாங்கக்கா. சனிக்கிழமையே ஐசியூல இருந்து வெளிய வந்தாச்சு. பொண்ணு குழந்தை, நல்லா இருக்கு."

உட்கார்ந்துவிட்டேன். யாருடைய நாற்காலி என்றுகூடப் பார்க்கவில்லை.

"ஏன் போடல? ஏன் பேப்பர்ல போடல?"

"மந்திரி எடத்தை அடைச்சிக்கிட்டாரேக்கா."

பிறகு என் பத்து நிமிஷத்தைச் சொன்னேன். கக்கத்தையும் விடவில்லை. அவள் சிரிக்கவில்லை. மேஜையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் பிரித்தாள். "நீங்க நாப்பத்தி நாலாவது ஆளுக்கா."

படம் வந்த நாளிலிருந்து போன் வருகிறதாம். அந்த வரிசையில் நின்றவர்கள். பாராட்டு வாங்க ஒருவரும் கூப்பிடவில்லை. எல்லோரும் ஒன்றையே சொல்லியிருக்கிறார்கள்: நான்தான் தாமதம் பண்ணிட்டேன். ஒருவர் ஷூ போட்டுக்கொண்டு இறங்கும்வரை வைத்திருந்தாராம். ஓர் அம்மாள் வெடிகுண்டாக இருக்குமோ என்று பயந்து பனியில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றாராம். ஒரு பல் டாக்டர் சாப்பாடு என்று நம்பி மூடியைத் திறக்கப் பார்த்திருக்கிறார். புது மாப்பிள்ளை ஒருவர் மனைவியை எழுப்பி அவளைப் பெட்டியோடு படம் எடுத்தாராம். அவர் பேசும்போது பின்னால் மனைவி திட்டுவது கேட்டதாம். எல்லோரும் நிமிஷம் சொல்லியிருக்கிறார்கள். அஞ்சு, எட்டு, பன்னிரண்டு, கால் மணி.

"கூட்டிப் பார்த்தேன்கா. நாப்பத்தி மூணு பேர் சொன்னது மட்டும் அஞ்சு மணி நாப்பது நிமிஷம் வருது. பெட்டி போய்ச் சேர எடுத்துக்கிட்டதே ஒண்ணு அம்பதுதான். கணக்கு உதைக்குது."

நோட்டை வாங்கி முழுவதும் படித்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பக்கத்தைத் திருத்தாமல் படித்தது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 5, வியாழன்

பால் வேனில் கொடுத்த பிறகு நான் உடனே காருக்குள் ஏறவில்லை. அது இன்றுதான் ஞாபகம் வந்தது. பாதை அங்கே வளைந்து வளைந்து மலையில் ஏறியது. நின்ற இடத்திலிருந்து மேலே மூன்று வளைவு தெரிந்தது. பெட்டி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கதவு திறக்கும், ஓர் ஆள் குனிந்தபடி பத்து அடி ஓடுவான், அடுத்த கதவு திறக்கும். கை உறை போட்ட கை, வளையல் போட்ட கை, சால்வைக்குள்ளிருந்து நீளும் கை. கடைசி வளைவில் ஒரு நீலப் புள்ளி. சோற்றுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று நினைத்தேன்.

ஊர் கூடித் தேர் இழுத்தது என்று எங்கள் பேப்பரில் தலைப்புப் போட்டிருந்தார்கள். தப்பு. தேர் இழுக்கிறவனுக்குத் தேரைத் தெரியும். எங்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கையில் இருப்பது என்னவென்றே தெரியாது. யாரோ சொன்னார், யாருக்கோ போகிறது, அவ்வளவுதான். தெரியாமலே இருநூற்றுச் சொச்சம் பேர் அந்தக் குளிரில் கதவைத் திறந்திருக்கிறார்கள். ஒருவர்கூட "எனக்கென்ன" என்று வைத்துக்கொள்ளவில்லை. மனிதர்களைப் பற்றி நான் கொஞ்சம் மட்டமாகத்தான் நினைத்து வந்திருக்கிறேன். பிழை பார்க்கிற கண்ணுக்குப் பிழைதான் தெரியும்.

ஆனாலும் மற்றவர்கள் பயந்தார்கள், தூங்கினார்கள், ஷூ தேடினார்கள். நான் ஒருத்திதான் நன்றாக விழித்துக்கொண்டு, சந்தோஷமாகத் தாமதம் செய்தேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

குருவி வந்து என் மேஜையருகே நின்றாள். ரத்தம் ஏற்றிப் பிழைத்த அந்தப் பெண், போன் செய்தவர்களின் நம்பரையெல்லாம் கேட்கிறாளாம். "உங்களோடதையும் குடுக்கட்டுமாக்கா?"

"வேண்டாம்" என்றேன்.

பிப்ரவரி 7, சனி

இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க வெளிய வந்ததும் ரெண்டு பேச்சுப் பேசணும்னு நிப்பாங்க. திட்டறதுக்கோ நன்றி சொல்றதுக்கோ. நான் ஓட மாட்டேன், நிப்பேன். பேசி முடிச்சாத்தான் அவங்களுக்குக் கால் தரையில பாவும்" என்றார். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியும் இவர் இதை என்னிடம் சொன்னதில்லை.

குருவிக்குச் செய்தி அனுப்பினேன்: கொடு.

பிப்ரவரி 8, ஞாயிறு

போன் வரவில்லை. இரண்டு தடவை சார்ஜில் போட்டேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

மதியம் மூன்றேகால். வீட்டில் நானும் அக்காவும்தான். தெரியாத நம்பர்.

"பேப்பர்ல வேலை செய்யற அம்மாங்களா? நான் அந்த மலைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரில இருந்தேன்ல, அவ." அடையாளம் சொன்ன விதமே அப்படி. சின்னக் குரல், கொஞ்சம் மூச்சு வாங்கியது. குழந்தை தூங்குகிற நேரம் பார்த்துத் தினமும் மூன்று நான்கு பேரைக் கூப்பிடுகிறாளாம். நான் பத்தொன்பதாவது. லாரி டிரைவரோடு நேற்றுப் பேசினாளாம். "அவர் அழுதுட்டாரும்மா. நான்தான் சமாதானம் சொல்ல வேண்டியதாப் போச்சு."

நன்றி சொல்லத் தொடங்கினாள். நான் தடுத்தேன். முழுவதையும் சொல்லிவிட்டேன் - சிரித்தது, பாடம் நடத்தியது, பேனா, ஒற்று. மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் தாமதம் செய்தேன், என்னை மன்னிச்சிடும்மா என்றேன். அக்கா சமையலறையிலிருந்து வந்து என் தோளில் கை வைத்தார். அப்போதுதான் நான் அழுவது எனக்கே தெரிந்தது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"பத்து நிமிஷமாம்மா?" என்றாள்.

"ஆமாம்மா."

"அப்போ பத்து நிமிஷம் என்னை மடியில வெச்சிருந்திருக்கீங்க."

அவளுக்குப் பின்னால் குழந்தை சிணுங்கி, பிறகு உரக்க அழுதது. "எழுந்துட்டாம்மா, பசி" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.