இருநூற்றுப் பன்னிரண்டு வளைந்த குறிகள்

என்னவருக்கு,

இங்கே நானும் மகளும் நலம். நீங்கள் நலமென்று கேட்காமலே தெரிகிறது. போனில் குரல் அத்தனை குதூகலமாக இருக்கிறது. போனில் சொன்னால் இடையில் புகுந்து சமாதானம் பேசிவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் வேலை விஷயம். போன வாரம் நான் டைப் செய்து அனுப்பிய உங்கள் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிடாதீர்கள். அதில் தப்பு இருக்கிறது. கைதவறி வந்த தப்பு இல்லை, வேண்டுமென்றே செய்தது.

உங்கள் கையெழுத்துப் பக்கங்களில், 'சிறியது' என்று போடும் குறி பல இடங்களில் ≺ என்று வளைந்திருந்தது. எல்லாம் பச்சை மையில், வேறு யாரோ திருத்தியது. யாரென்று கேட்டதற்கு, "கூட ஆராய்ச்சி பண்ற ஒரு மேடம்" என்றீர்கள். கீபோர்டில் அந்தக் குறியைக் காணோமே என்றதற்கு, "அவங்களையே கேளு, ஒரு நிமிஷத்துல சொல்லிடுவாங்க" என்றீர்கள். அச்சகத்தில் பதினோரு வருஷமாகத் தட்டுகிறவள் நான். அந்த அம்மாளைப் போய்க் கேட்க வேண்டுமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டுவிட்டேன் என்று பொய் சொல்லி, எல்லா இடத்திலும் சாதாரண < குறியையே போட்டேன். பச்சை மை அம்மாளின் வளைவையெல்லாம் நிமிர்த்தியதில் ஓர் அற்ப சந்தோஷம்.

இரண்டு நாள்தான் தாங்கியது. மனசு உறுத்தி, எங்கள் அச்சகத்தில் பிழை திருத்துகிறவரிடம் ஒரு பக்கத்தைக் காட்டினேன். மனிதர் தலையில் அடித்துக்கொண்டார். "இது அளவைச் சொல்ற குறி இல்லம்மா. ரெண்டுல எதை ஒருத்தன் அதிகமா விரும்புறான்னு சொல்றது. வாய் திறந்த பக்கம் இருக்கறதுதான் அவனுக்கு உசத்தி. நிமித்திட்டா அர்த்தமே போச்சு" என்றார்.

தட்டும் வழியையும் அவரே சொன்னார். 227A என்று அடித்து, ஆல்ட், எக்ஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் வந்து நிற்கிறது. நிஜமாகவே ஒரு நிமிஷ வேலைதான். அதுவும் எரிச்சலாக இருந்தது. நிமிர்ந்தே இருக்க வேண்டிய குறிகளும் கலந்து கிடந்ததால் மொத்தமாக மாற்ற வழியில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்து இருநூற்றுப் பன்னிரண்டு இடம். மகள் வாசிக்க, நான் திருத்தினேன். நடுவில், "அம்மா, இந்த ஆன்ட்டி எழுத்து எவ்ளோ அழகா இருக்கு பாரேன்" என்றாள். வாயை மூடிக்கொண்டு வாசி என்று எரிந்துவிழுந்தேன். பாவம், குழந்தை என்ன செய்யும்.

சரியான பிரதி இத்துடன் வருகிறது. ஒரே ஒரு பக்கத்தை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன். நன்றியுரை. "இவர் இல்லையென்றால் இந்த ஆய்வே இல்லை" என்று தொடங்கி அந்தப் பச்சை மை அம்மாளைப் பற்றி ஐந்து வரி. நெறியாளருக்கு இரண்டு வரி. நூலகத்துக்கும் தேநீர்க்கடைக்காரருக்கும்கூடத் தலா ஒரு வரி. என்னைத் தேடினேன். மகளையாவது தேடினேன். அவளிடம் அந்தப் பக்கத்தைக் காட்டவில்லை.

மறந்துபோய் எழுதினீர்களா, யோசித்துத்தான் எழுதினீர்களா என்று கேட்க மாட்டேன். அதை மட்டும் மறுபடி எழுதி அனுப்புங்கள். யாரிடமும் காட்டாமல், நீங்களாக எழுதுங்கள். என்ன எழுதினாலும் இந்த முறை ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் தட்டித் தருவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி