கேப்டன், கட்டில் எண் 14

பாப்பாரப்பட்டி
17.05.2021

அன்பு மாப்ளே சவுரியப்பனுக்கு,

நலம் விசாரிப்பதற்கு முன்னால் ஒரு கேவலத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். உன் பேரில் ஒரு கடிதம் எழுதி, கீழே உன் கையெழுத்தையும் நானே போட்டு, கேப்டனுக்குக் கொடுத்துவிட்டேன். நாற்பத்தெட்டு வயதில், தலையில் இருப்பதற்குச் சமமாகக் காதிலும் முடி முளைத்த பிறகு, இப்படி ஒரு வேலை.

வெள்ளிக்கிழமை கேப்டனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தர்மபுரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கொரோனாதான். யார் பெயரில் சேர்ப்பது என்று கேட்டபோது 'கேப்டன்' என்றுதான் வாயில் வந்தது. பெரியண்ணன் என்கிற அவன் பெயரை ஆதாரைப் பார்த்துச் சொன்னேன். அவன் பெண்டாட்டி யுவராணிக்கும் காய்ச்சல், வூட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்று தகரம் அடித்துவிட்டார்கள். ஆகவே தினமும் நான்தான் போகிறேன். ஊரடங்கு என்றாலும் என் உரக்கடைக்குப் பாஸ் உண்டு. அதியமான்கோட்டையில் போலீஸ்காரர் நிறுத்தி, "ஆஸ்பத்திரியில எந்தப் பயிருக்குங்க உரம் போடப் போறீங்க?" என்று கேட்கிறார். மாவட்டத்தில் நான் ஒருத்தன்தான் நகைச்சுவை எழுத்தாளன் என்று நினைத்திருந்தேன்.

உள்ளே விடுவதில்லை. கேட்டில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. பொருளை அதில் வைத்தால், கனிமொழி என்று ஒரு நர்ஸ், உச்சி முதல் பாதம்வரை உறை போட்டுக்கொண்டு வந்து எடுத்துப் போவாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து, "பதினாலாம் கட்டில் ஐயா ஏதோ சவுரி, சவுரிங்கறாருங்க. சவுரி முடியாங்க கேக்கறாரு?" என்றாள்.

முப்பது வருஷமாக அவன் உன் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. சேலம் பாஸ்கட்பால் கேம்ப்பில் அவன் உன்னை அறைந்தது, மறுநாள் நீ அவனுக்கு வரம்பைவிட வயது கூடுதல் என்று அதிகாரியிடம் சொன்னது, அவனைக் கேம்ப்பிலிருந்து அனுப்பியது, விளையாட்டு ஒதுக்கீட்டில் வரவேண்டிய ரயில்வே வேலை போனது, எல்லாவற்றுக்கும் சேர்த்து உன் பெயரை மென்று விழுங்கிவிட்டவன். அவன் வாயில் அது வந்தால் நான் என்ன செய்ய? கடை பில் தாளைத் திருப்பி, 'அன்பு கேப்டனுக்கு, சவுரி எழுதுவது, ஆப்பிரிக்காவில் நலம்' என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். உறையின்மேல் 'கேப்டன், கட்டில் எண் 14'.

வைய வேண்டுமென்றால் வை. பிறகு ஒரு வரியாவது நீயே எழுதிப் போனில் அனுப்பு.

உன் பெயரைக் கெடுத்த,
முனிராஜ்

•

கிகாலி
19.05.2021

முனி,

சேசுவுக்கே புகழ். உனக்குப் புகழ் கிடையாது.

என் பேரில் எழுத உனக்கு யார் உரிமை கொடுத்தது? அவன் என்னை இருநூறு பேர் முன்னால் அறைந்தான். நான் சொன்னது பொய்யா? அவனுக்கு வயது ஒன்று கூடுதல்தானே? இதற்கு மேல் எனக்குப் பேச்சில்லை. இனி எழுதாதே.

இங்கே நாங்களும் அடைபட்டுத்தான் இருக்கிறோம். ஆப்பிரிக்கா முழுமைக்கும் சேர்த்து ஒரு பாஸ்கட்பால் லீக், இதுதான் முதல் வருஷம். போன வருஷமே தொடங்க வேண்டியது, இந்த நோயால் தள்ளிப்போனது. பன்னிரண்டு நாட்டிலிருந்து பன்னிரண்டு அணி. ஆட்டக்காரர், நடுவர், சமையல்காரர், சலவைக்காரன் எல்லாரையும் ஓட்டலுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஓட்டல், அரங்கம், ஓட்டல். வெளியே காலை வைத்தால் திரும்ப உள்ளே வர முடியாது. மூக்கில் குச்சி விட்டு விட்டு எனக்குத் தும்மலே மறந்துவிட்டது.

சலவைக்கு நான் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை முதல் மேட்சுக்குத் துண்டு அடுக்கிக் கொடுக்க அரங்கத்துக்குள் போனேன். உள்ளூர் அணியும் நைஜீரியா அணியும். அந்தத் தரையின் பளபளப்பை நீ பார்க்க வேண்டும். நாம் சுண்ணாம்புக் கோடு போட்டு, மழை பெய்தால் மறுபடி போட்டு ஆடினோமே. உள்ளூர்க்காரர்கள் எண்பத்து மூன்றுக்கு அறுபது என்று ஜெயித்தார்கள். மேல்தட்டில் கொஞ்சம் பேர்தான், ஆனாலும் கத்தல் கூரையில் இடித்தது.

ஒரு அணியில் ஒருவனுடைய சட்டை மட்டும் தினமும் வேர்வையே இல்லாமல் சலவைக்கு வரும். அதைத் துவைக்கும்போதெல்லாம் உன் ஞாபகம்.

அவன் கடிதத்துக்கு என்ன சொன்னான்? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். வேறொன்றுமில்லை.

சவுரி

•

பாப்பாரப்பட்டி
22.05.2021

மாப்ளே,

உன் சலவைக் கிண்டலை ஏற்றுக்கொள்கிறேன். ஐந்து வருஷத்தில் பதினோரு நிமிஷம் ஆடினவன் நான். அதில் நாலு நிமிஷம் கயிறு அவிழ்ந்த ஷூவோடு.

கேப்டன் என்ன சொன்னான் என்றுதானே கேட்டாய்? கனிமொழி கட்டிலருகே நின்று படித்தாளாம். அவன் மாஸ்கை ஒதுக்கிவிட்டு, "சவுரிக்கு இத்தனை வேடிக்கை எங்கிருந்து வந்துச்சு?" என்றானாம். என் எழுத்தை ஒருத்தன் முதன்முறையாகப் பாராட்டுகிறான், அதுவும் உன் கணக்கில் போய்விட்டது. வாரப் பத்திரிகைகளுக்கு இருநூறு துணுக்கு அனுப்பி மூன்று வந்தவனுக்கு இதுவும் வேண்டியதுதான்.

நீ எழுதாதே என்றாய். எழுதிவிட்டேன். உன் லீக், பளபளத் தரை, பன்னிரண்டு அணி எல்லாம் உன் கடிதத்திலிருந்து எடுத்துப் போட்டேன். நேற்றுக் காலை படித்தார்கள். அந்தத் தரையைப் பற்றிய இடத்தை இன்னொரு தரம் படிக்கச் சொன்னானாம். கடைசியில் அவன் சொன்னதைக் கனிமொழி கேட்டுக்கு வந்து அப்படியே ஒப்பித்தாள்: "இதெல்லாம் சரி. மெயின் விஷயத்துக்கு வரச் சொல்லுங்க. வரமாட்டான், பயந்தாங்கொள்ளி."

இங்கேதான் என் பேனா நின்றுவிட்டது. வேடிக்கையை உன் பெயரில் எழுதலாம். அதை எழுத முடியாது. எழுதிப் பார்த்தேன், கிழித்தேன். கடையில் யூரியா வாங்க வந்த ஆள், அழுகிறீங்களா என்று கேட்டார். நெடி என்றேன்.

அவனுடைய ஆக்ஸிஜன் அளவு நேற்று எண்பத்தாறு. அவன் பஞ்சர் கடையில் காற்றடிக்கும் பம்பையே மூக்கில் வைத்து அடிக்கலாமா என்று இருக்கிறது எனக்கு. கனிமொழியும் இன்று முதல் வரமாட்டாள், அவளுக்கும் கொரோனா வந்துவிட்டதாம்.

போனில் பேச அவனுக்கு மூச்சு இல்லை. காகிதம்தான் ஒரே வழி. சவுரி, அவன் காத்திருக்கிறான். நீ நியாயஸ்தன்தான், ஒத்துக்கொள்கிறேன். அதை அவன் செத்த பிறகு யாரிடம் நிரூபிக்கப் போகிறாய்?

முனி

•

கிகாலி
24.05.2021

முனி,

சில அணிகள் ஊருக்குத் திரும்புகின்றன. தோற்ற அணி ஒன்றின் கேப்டன் சட்டைகளை வாங்கிப்போக வந்தான். கடைசி நிமிஷத்தில் பந்தைக் கைதவற விட்டவனின் சட்டை தனியே கிடந்தது. அவன் வெட்கப்பட்டு வரவில்லை போல. அந்தக் கேப்டன் அதை எடுத்து, தன் சட்டைக்குள் வைத்து மடித்துக் கொண்டுபோனான். நான் இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டேன். ஒரு துண்டு தீய்ந்துபோனது.

கீழே இருப்பது அவனுக்கு. ஒரு எழுத்தை மாற்றாதே. வேடிக்கை எதுவும் சேர்க்காதே.

'கேப்டன்,

நான் சவுரி. முன்னால் வந்த இரண்டு கடிதமும் முனி எழுதியது. இது நான்.

உன் வயதைப் பற்றி நான் அதிகாரியிடம் சொன்னது நிஜம். விதிக்காகச் சொன்னேன் என்று முப்பது வருஷமாக எல்லாரிடமும் சொல்லிவருகிறேன். அது நிஜமில்லை. நீ அறைந்தாய், வலித்தது, அதற்காகச் சொன்னேன். உனக்கு வரவேண்டிய ரயில்வே வேலை என்னால் போனது. ஒவ்வொரு லீவிலும் பஸ் உன் பஞ்சர் கடையைத் தாண்டும்போது நான் அந்தப் பக்கத்து ஜன்னலில் உட்காருவதில்லை.

என்னை மன்னித்துவிடு. பதில் எழுத வேண்டாம். கேட்டேன் என்று தலையை ஆட்டு, போதும்.'

இன்றே கொடு. உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

சவுரி

•

பாப்பாரப்பட்டி
31.05.2021

மாப்ளே,

நேற்று விடியற்காலையில் கேப்டன் போய்விட்டான்.

உட்கார்ந்து படி. முதலில் உன் கடிதத்தைச் சொல்கிறேன், மற்றது அப்புறம்.

போனில் வந்ததைப் பார்த்து, கடை பில் தாளில் ஒரு எழுத்து மாற்றாமல் எழுதினேன். ஒற்றுப்பிழை இரண்டு இருந்தது, அதைக்கூட விட்டுவைத்தேன். செவ்வாய்க்கிழமை காலை தட்டில் வைத்தேன். புது நர்ஸ். பெயர் கேட்கவில்லை, உறைக்குள் எல்லாரும் ஒன்றுபோல இருக்கிறார்கள். அரைமணி நேரத்தில் வந்தாள். பதினாலாம் கட்டில்காரர் இரண்டு தரம் படிக்கச் சொன்னாராம். கண்ணில் தண்ணீர் வழிய அப்படியே கேட்டாராம். பிறகு தலையை ஆட்டி, "நான் மனசுல ஒண்ணும் வெச்சுக்கலைங்கன்னு அவருக்குச் சொல்லிடுங்க" என்றாராம். கேப்டன் உனக்கு மரியாதை போட்டுப் பேசியிருக்கிறான். ஆக்ஸிஜனில் அதையும் கலந்து விடுகிறார்கள் போல என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தேன். தாளைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாராம்.

சவுரி, அவன் மன்னித்துவிட்டான். இதை நான் உனக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியதாக வைத்துக்கொள்.

அடக்கத்துக்கு நாலு பேருக்குத்தான் அனுமதி. யுவராணி தூரத்தில் ஆட்டோவுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். அவன் முகத்தை யாருக்கும் காட்டவில்லை. பை நீளமாக இருந்தது, அதை வைத்துத்தான் அவன் என்று தெரிந்துகொண்டேன். இறக்குகிறவர்களில் ஒருத்தர் குழி பத்தாது, கால் பக்கம் இன்னும் வெட்டணும் என்றார். ஆறடி இரண்டு அங்குலம் என்று நான் சொன்னேன். அந்த அளவு எனக்கு இன்னும் மனப்பாடம்.

உன்னை அழைத்துப் பேசலாம் என்று போனை எடுத்தேன். உன் குரலைக் கேட்டால் என்னால் முடியாது.

முனி

•

கிகாலி
02.06.2021

முனி,

ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. ஒரு மேட்சும் தோற்காமல் எகிப்து அணி கோப்பையைத் தூக்கியது. நான் துண்டோடு ஓரத்தில் நின்று கைதட்டினேன். அன்று காலையே அவன் போய்விட்டான் என்று அப்போது தெரியாது.

அவன் கேட்டான், தலையை ஆட்டினான். அது ஒன்று போதும் எனக்கு. உன் கடிதத்தை அச்செடுத்து பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். முப்பது வருஷத்துக்குப் பிறகு நேற்று மதியம்வரை தூங்கினேன்.

கிறிஸ்துமஸுக்கு வருவேன். பஸ்ஸில் அந்தப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்து வருவேன்.

உனக்கு நான் கடமைப்பட்டவன்.

சவுரி

•

பாப்பாரப்பட்டி
11.07.2021

அன்பு சவுரிக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதாமல் இருந்தேன். எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் முடிவு செய்தேன். பிறகு, நீ பைபிளுக்குள் வைத்திருக்கிறாய் என்பது ஞாபகம் வந்தது. என் துணுக்குகள் இருக்க வேண்டிய இடம் அதுவல்ல.

பஸ் ஓட ஆரம்பித்து நாலாவது நாள், கடைக்கு ஒரு ஆள் வந்தார். சித்தேரி மலையிலிருந்து. பெயர் தமிழ்மணி. கையில் இரண்டு படி சாமை. மூச்சு வாங்கியபடியே உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த என் கடை பில் தாளை எடுத்தார். பின்னால் இருந்த விலாசத்தைப் பார்த்துத்தான் வந்திருக்கிறார். திருப்பினால் உன் கடிதம்.

பிறகு விசாரித்ததில் தெரிந்தது, மே இருபத்து மூன்றாம் தேதி சாயங்காலமே கேப்டனைத் தீவிர சிகிச்சைக்கு மாற்றிவிட்டார்கள். யுவராணிக்குப் போனில் சொன்னார்களாம். அவள் காய்ச்சலில் ம் என்று சொல்லிவிட்டுப் படுத்தவள், என்னிடம் சொல்லவில்லை. சாவுச் சேதியும் அவளுக்குத்தான் போனது, எந்த வார்டில் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. காலியான பதினாலாம் கட்டிலில் இவரைப் போட்டிருக்கிறார்கள். நான் உறையின்மேல் பெரியண்ணன் என்று எழுதியிருந்தால் அந்த நர்ஸ் இரண்டு தடவை யோசித்திருப்பாள். கேப்டன் என்றுதான் எழுதினேன். வேறு எப்படி எழுதுவேன்?

கோபமாகத்தான் கேட்டேன், அடுத்தவன் கடிதம் என்று ஏன் சொல்லவில்லை என்று. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"வாயில மாஸ்குங்க. மலையில பஸ்ஸே இல்ல, எங்க வூட்டாளுங்க யாரும் வர முடியல. சுத்தி இருந்தவங்க போயிட்டே இருந்தாங்க. யாரோ ஒருத்தர் நம்மகிட்ட மன்னிப்புக் கேக்கறாருன்னு படிச்சாங்க. இல்லன்னு சொல்ல மனசு வரலைங்க."

அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். சாமையை வாங்கிக்கொண்டேன். மறுத்தால் அழுதுவிடுவார் போல இருந்தது. தாளை இங்கேயே வைத்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

பஸ்ஸுக்கு எழுந்தவர், வாசல்வரை போய்த் திரும்பி, ஒன்றே ஒன்றுதான் புரியவில்லை என்றார்.

"எனக்கு வரவேண்டிய ரயில்வே வேலை போச்சுன்னு எழுதியிருந்தாரு. நான் இன்னும் ரயில்லயே ஏறினதில்லீங்க."

முனிராஜ்