ஒன்பதாம் அத்தியாயத்தின் கதவு

தம்பிக்கு அண்ணன் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணிக்கு முழங்கால் வலி குறையவில்லை. எனக்கு வாய் குறையவில்லை என்று அவள் சொல்கிறாள்.

உன் தன்வரலாற்றைக் கல்லூரியில் பாடமாக வைத்தது நானல்ல, பாடத்திட்டக் குழு. நடத்துவது மட்டும் என் தலையில் விழுந்தது. ஒன்பதாம் அத்தியாயத்தை விட்டுவிடச் சொல்லிக் கேட்டிருந்தாய். விடமாட்டேன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது 'அருகிலேயே இருந்தேன்' என்று ஊரறிய எழுதியவன் நீ. பெட்பேன் எடுத்தவன் நான். நீ அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. புத்தகத்தில் எனக்கு ஒரு வரிகூட இல்லை.

என் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. எழுதியவன் நல்லவனா கெட்டவனா என்று யாரும் தீர்ப்புச் சொல்லக்கூடாது. வரியில் விரலை வைத்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். நீ என் தம்பி என்று அவர்களிடம் நான் சொல்லவில்லை. உன் பொய்யை அவர்களே பிடிக்கட்டும் என்றிருந்தேன்.

கடைசி வரிசைத் தூங்குமூஞ்சிதான் ஆரம்பித்தான். "பக்கத்துலயே இருந்தேங்கறாரு சார். அப்பா மூஞ்சி எங்க? கை எங்க? ஒண்ணுமே இல்ல. சும்மா கதை விடறாரு." எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

உடனே 'வக்கீல்' எழுந்தாள். எதற்கும் எதிர்வாதம் பேசுவதால் வகுப்பு வைத்த பெயர். "விரல வச்சுப் பேசுடா" என்று அவனை அதட்டிவிட்டு, வரிவரியாகத் தன் விரலை நகர்த்தினாள். கதவுக்கு அடியில் தெரிந்த நர்ஸின் செருப்பு. கைப்பிடியில் உரிந்த பச்சைப் பெயிண்ட். உள்ளே இருமல். யாரோ செய்தித்தாளை நிறுத்தி நிறுத்தி, உரக்க வாசிக்கும் குரல்.

"பொய் இல்ல சார். வந்திருக்காரு. கதவு வரைக்கும் வந்திருக்காரு. உள்ள போகத்தான் முடியல."

அப்பாவுக்குக் காது மந்தம் என்பதால் செய்தித்தாளை அப்படி வாசித்தவன் நான். அந்த வரியைக் கோபத்தோடு எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அது என் குரல் என்பது கண்ணில் படவே இல்லை. வாசிக்கக் கற்றுக்கொடுப்பவனின் லட்சணம் இது!

கோபம் போய்விட்டதென்று நினைத்துக்கொள்ளாதே. கதவு அசையும்போதெல்லாம் அப்பா, "சின்னவனா பாருடா" என்பார். நான் எழுந்து பார்த்ததில்லை. காற்று என்று சொல்லிவிட்டு அடுத்த செய்தியை வாசிப்பேன்.

அடுத்த வாரமும் அதே அத்தியாயம்தான். ஏன் உள்ளே போகவில்லை என்று வக்கீல் கேட்கிறாள். அதற்கு நான் பதில் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். லீவு போட்டுவிட்டு வா. வகுப்பு மாடியில், வலப்பக்கம் முதல் அறை. வாசலில் நிற்காதே. உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்.

உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாக இரு.

உன் அண்ணன்