என் பெயருக்குப் பதில் சொன்ன செல்விக்கு

என் செல்விக் கண்ணு,

மூன்று வருஷமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதானால் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

புருஷன் கழுத்தை அறுத்துவிடுவான் என்று பயந்து, குந்தாவுக்கு மேலே இந்தத் தேயிலை எஸ்டேட்டுக்கு ஓடிவந்து, ராணி என்ற பொய்ப் பெயரில் கொழுந்து பறித்தவள் நான். அது உனக்கு மட்டும்தான் தெரியும். மூடுபனி இறங்கினால் மேஸ்திரி ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பதில் வராவிட்டால் காட்டெருமை முட்டிவிட்டதோ என்று தேடுவார்கள். என் குரல் வெளியே கேட்டுவிடுமோ என்று பயப்படுவேன். “நீ வாயத் தொறக்காதக்கா, நான் சொல்லிக்கறேன்” என்று என் பெயருக்கும் நீயே பதில் கொடுப்பாய்.

அன்றைக்குப் பனிக்குள் “ராணீ” என்று கூப்பிட்டது மேஸ்திரி இல்லை. கடைத்தெருவில் என் போட்டோவைக் காட்டி, இங்கே எனக்கு என்ன பெயர் என்று விசாரித்துக்கொண்டு வந்த என் புருஷன். குரலைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ‘பேசாதே’ என்று ஒரு வார்த்தை கத்தியிருந்தால் நீ பிழைத்திருப்பாய். நீ “ஓய்” என்றாய். தலையோடு பிளாஸ்டிக் தாள் போர்த்தியிருந்தாய். பின்னாலிருந்து மூன்று வெட்டு வெட்டினான். முகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஓடினான்.

நீ “அக்கா” என்று கத்தினாய். நாலு செடி தள்ளி உட்கார்ந்து, வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டேன், பாவி. போலீஸ் கேட்டபோதும் பனியில் ஒன்றும் தெரியவில்லை என்றேன்.

உன் மகள் கவிதா என்னிடம்தான் வளர்கிறாள். பதினாலு வயசு, உன் கோபம் அப்படியே இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை சோறு தின்றுகொண்டிருந்தவள் கேட்டாள்: “பெரியம்மா, அம்மா கத்துனப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எச்சில் கையாலேயே ஓங்கி அறைந்தாள். செடி வெட்டும் கத்தியை எடுத்து என் கழுத்தில் வைத்தாள். “நீயெல்லாம் மனுஷியா? போலீஸ்ல போய்ச் சொல்லு. இல்லீனா நானே வெட்டிப்போடுவேன்.”

“வெட்டு சாமி” என்றேன். மனசாரத்தான் சொன்னேன். கத்தியை எறிந்துவிட்டு அழுதாள்.

மறுநாள் ஸ்டேஷனில் என் சொந்தப் பெயரைச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். நேற்று அவனைப் பிடித்துவிட்டார்கள். நாளைக்கு ஊட்டியில் நான் அடையாளம் காட்ட வேண்டும். கவிதா என்னோடு பேசுவதில்லை. ஆனால் சாயங்காலம் என் சேலையைத் தேய்த்து மடித்து வைத்திருந்தாள். அதை என்னவென்று எடுத்துக்கொள்வது, செல்வி?

அவள் மன்னிக்காவிட்டாலும் போகட்டும். உன்மேல் சத்தியமாக அவன் முகத்துக்கு நேரே நின்று சொல்வேன்: “நீ தேடி வந்தது என்னைய. வெட்டுனது என் தங்கச்சிய.”

ஒளிந்திருந்த உன் அக்கா,
சரசு