உன் பெயரில் போகும் பதில்

அக்கா, இன்று காலை உன் பெயரில் ஒரு மெயில் போயிற்று. ‘பார்த்துவிட்டேன். நானே கூப்பிடுகிறேன்.’ ஒரே ஆளுக்கு இது இரண்டாவது முறை. திரையில் பார்த்ததும் காபியைக் கீழே வைத்தேன்.

இந்தப் பட்டுக்கடையில் எல்லோரும் சேர்ந்து வேலை பார்க்கிற மென்பொருளில், மெயில் வந்து விழுந்ததும் தானாக ஓடுகிற நிரலை நீதான் எழுதினாய். வந்ததைப் படித்து உரிய பிரிவுக்கு அதுவே தள்ளிவிடும். ‘முகூர்த்தம்’ என்ற சொல் இருந்தால் மட்டும் தனி வழி: உன் பெயரில் அந்தப் பதில் போகும், உன் கைபேசி அலறும். சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்துவிடுவாய். “கல்யாணப் பொடவைடி, காத்துக்கினு இருக்குமா?” என்பாய். என்னிடம் போனை நீட்டுவாய், நான் பின்வாங்குவேன். “வாய்ல இன்னா, கொழுக்கட்டையா?” என்று சிரிப்பாய்.

ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. உன் கைபேசி அணைந்தது. நிரல் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்திவிடலாம் என்று மேனேஜரிடம் மெல்லச் சொன்னேன்.

“இருக்கட்டும்மா. பதில் வந்தா கஸ்டமர் அடங்கிடுவான். அந்தப் பொண்ணு பேருக்கு ஒரு மரியாதை இருக்குது,” என்றார் பல் குத்திக்கொண்டே. மாலை போட்ட உன் படம் அவர் தலைக்கு மேல்தான் தொங்குகிறது. அவர் அனுமதியில்லாமல் நிரலில் கை வைக்கக் கூடாது.

மதியம் அந்த மெயில்காரரே போன் செய்தார். கல்யாணப் பெண்ணின் அப்பா. “அரக்குக் கரை பொடவை கேட்டோம்மா, பச்சை வந்துக்குது. நாளன்னிக்கு கல்யாணம். அந்தம்மா கூப்பிடறேன் கூப்பிடறேன்னு எழுதிக்கினே இருக்குது, போனே வரல.”

மேனேஜர் குனிந்து என் காதருகே, “மேடம் மீட்டிங்ல இருக்குதுன்னு சொல்லு,” என்றார். வாயில் பாக்கு வாசனை. நாற்காலியை நகர்த்திக்கொண்டேன்.

“அவங்க இறந்துட்டாங்க சார்,” என்றேன்.

அந்தப் பக்கம் அவர், “ஐயோ, எப்போம்மா?” என்றார். சொன்னேன். “அரக்குக் கரை கடையிலேயே இருக்குது சார். சாயங்காலம் ஆள் எடுத்துக்கினு வரும்.”

“யாரக் கேட்டு சொன்ன?” என்று மேனேஜர் கத்தினார். நான் திரும்பவில்லை. நிரலைத் திறந்து உன் பெயரை எடுத்தேன். என் பெயரையும் என் எண்ணையும் போட்டேன்.

நாளை இந்த வேலை இருக்குமா, தெரியவில்லை. இதை எழுதி முடிப்பதற்குள் போன் ஒருமுறை அலறிவிட்டது. அக்கா, எடுத்தேன்.