ஜாபெஸின் நெஞ்சளவு

ஜாபெஸ் அப்பாவுக்கு, கர்த்தர் உங்களைச் சுகமாக வைத்திருக்க வேண்டி ஜெயகுமாரி எழுதுவது. இருமல் குறைஞ்சுதுங்களா? வாழவந்தியில் மழை விட்டதா?

இங்கே கங்கைக்கரை படகு கேம்பில் எனக்கு ஒரு குறையுமில்லைங்க. வருகிறவங்களுக்கு எடை பார்த்துக் கயாக் படகும், நெஞ்சளவு பார்த்து லைஃப் ஜாக்கெட்டும் எடுத்துக் கொடுப்பது இப்போது என் வேலை.

போன வாரம் சேலத்துத் தம்பி ஒருத்தர் வந்தார். நாலு மாசத்துக்கு அப்புறம் காதில் விழுந்த தமிழ். "அக்கா, மூச்சு முட்டுது, கொஞ்சம் லூசா குடுங்க" என்றார். மாட்டிய பிறகு ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் அது காதுக்கு ஏறக்கூடாது. நான் தூக்கிப் பார்க்காமல் பெரியதைக் கொடுத்துவிட்டேன். கயாக் கவிழ்ந்தது. ஜாக்கெட் மட்டும் மிதந்து வந்தது. அவரை மூன்றாம் நாள் எடுத்தார்கள். நீங்க கவலைப்படாதீங்க, என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முழங்கால் போட்டால்தான் ஜெபம் வரமாட்டேங்குது.

அடுத்த மாசம் நம்ம பையன் ஜாபெஸ் இங்கே பயிற்சிக்கு வந்தே தீருவேன் என்கிறான். வேண்டாமென்றால் கேட்கமாட்டான். கால் கிலோ காப்பித்தூள் அவனிடம் கொடுத்தனுப்புங்க. அதற்கு முன்னால் அவன் நெஞ்சை டேப் வைத்து அளந்து எழுதுங்க. தபால் கொண்டுபோகிற ஜீப் கிளம்புது. டேப்பை இறுக்கிப் பிடிங்க. மூச்சு முட்டுதுன்னு சொன்னாலும் விடாதீங்க.

ஜெயகுமாரி