ஸாவியா அண்ணியும் என் புதுத் தூண்டிலும்

பிப்ரவரி 4, சனி

தெம்பெலிங் ஆறு இன்றும் கையை விரித்துவிட்டது. தூண்டில் முள்ளில் இரையாகக் குத்திய செம்பனைப் பழத்தை மூன்று முறை மீன் தொட்டது. மூன்று முறையும் சதையை உரித்துத் தின்றுவிட்டுப் போய்விட்டது. உள்ளே கொட்டை கல் மாதிரி. குத்தினால் முள்ளின் முனை சதைக்குள்ளேயே புதைந்து கிடக்கிறது. மீன் வாயில் எப்படி ஏறும்? பழத்தைக் குத்தாமல், முள்ளுக்குக் கீழே நூலில் தொங்கவிட்டால்?

ஸாவியா அண்ணியிடம் சொன்னேன். என் கணவரின் அக்கா, படகு அவருடையது.

"எங்கப்பா காலத்துலேருந்து குத்தித்தான் போடுறோம். உங்கிட்ட மட்டும் மீன் வந்து புதுசு கேட்டுச்சாக்கும்?"

பிப்ரவரி 11

தொங்கவிட்டேன். அண்ணி சிரித்த சிரிப்பில் படகே ஆடியது. எனக்கு மீன் இல்லை. அவருக்கும்தான் இல்லை, அதைச் சொல்லவே மாட்டார்.

பிப்ரவரி 18

முள்ளைச் சின்னதாக்கினேன், நூலை நீளமாக்கினேன், தூண்டிலின் நைலான் இழையான தங்கூசியையும் மெல்லியதாக மாற்றினேன். மாட்டியது! நல்ல ஜெலாவாட் மீன். படகருகே வந்ததும் தங்கூசி அறுந்து போய்விட்டது.

சரி, இதில் எது வேலை செய்தது? மூன்றையும் ஒரேயடியாக மாற்றித் தொலைத்தேனே, மடச்சி!

பிப்ரவரி 25

ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு முறை கட்டவும் கால் மணி நேரம். அதுவரை படகை நகர்த்த முடியாது. நாலாவது முறை அண்ணி வெடித்துவிட்டார்.

"நீ மீன் பிடிக்க வர்றியா, படகுல பள்ளிக்கூடம் நடத்துறியா? எங்க வீட்டுக்காரர் போனப்புறம் எனக்குன்னு இருக்கிறது இந்தச் சனிக்கிழமை ஒண்ணுதான். அதையும் நீ முடிச்சுப் போடுறதைப் பாத்துக்கிட்டே கழிக்கணுமா?"

அடுத்த வாரம் என் இடத்தில் பக்கத்து வீட்டு கமாரியா வருகிறாளாம்.

பிப்ரவரி 26

அண்ணி சொன்னது சரி. அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

மார்ச் 4, சனி

கரையில் அத்தி மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். தூண்டில் எடுத்துப் போகவில்லை, மனசே இல்லை. மரத்திலிருந்து பழம் விழுந்தது — ப்ளக். உடனே அந்த இடத்தில் தண்ணீர் சுழித்தது. இன்னொன்று. மறுபடி சுழிப்பு. எண்ண ஆரம்பித்தேன்: ஒன்பது பழம், ஆறு சுழிப்பு.

அப்போது அண்ணியின் படகு வந்தது. அவருடைய தூண்டில் மரத்தடித் தண்ணீரில் விழுந்தது — டமக்! ஈயக்குண்டு. அதன்பிறகு பழம் விழுந்தும் ஒரு மீன்கூட எட்டிப் பார்க்கவில்லை.

ஆறு இழுக்குமே என்று எங்கள் ஊரில் எல்லோரும் ஈயம் கட்டித்தான் போடுவோம். முள், நூல், தங்கூசி எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட எனக்கு இது தோன்றவே இல்லை.

சொல்வதா? சொல்லாமல் நானே பிடித்துக் காட்டினால் என்ன? அந்தக் கெட்ட ஆசையோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு கத்தினேன்.

"அண்ணி! ஈயத்தைக் கழட்டுங்க! பழம் தானா விழுற மாதிரி போடுங்க!"

"வாய மூடுடி, மீனெல்லாம் ஓடிரும்!"

படகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 5

காலையில் வாசலில் அண்ணி. கையில் தூக்கு. புளிக்கவைத்த டுரியான் பழம் போட்ட மீன் குழம்பு.

"ரெண்டு மாட்டுச்சு. ஒண்ணு குத்திப் போட்டதுல. இன்னொண்ணு, நீ படகுல விட்டுட்டுப் போன நூலுல தொங்கவிட்டதுல."

"ஈயம்?"

"ரெண்டுலயும் இல்ல."

அப்படியென்றால் நூல் வேண்டுமா வேண்டாமா என்பது இன்னும் தெரியாதே!

"கமாரியா நல்லாப் பிடிச்சாளா அண்ணி?"

"அவளா? ஒரு வார்த்தை பேசல. படகுல கேள்வி கேக்க ஒரு ஆளு வேணாமா?"

தூக்கை வாங்கும்போது என் கண் கலங்கிவிட்டது. டுரியான் வாடை என்று சொல்லிச் சமாளித்தேன்.

மார்ச் 18

நாள் முழுக்க ஈயம் இல்லாமல். அண்ணி குத்திப் போட்டார்: மூன்று. நான் தொங்கவிட்டேன்: ஒன்று.

சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவரோ என் தூண்டிலை வாங்கி, நூலை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு நாளை வச்சு என்னடி சொல்ல முடியும்? அடுத்த சனிக்கிழமை நீ குத்து, நான் தொங்கவிடுறேன்."

"நோன்பு மாசம் வந்துருமே அண்ணி."

"நோன்பு நமக்குத்தானே, மீனுக்கா?"